புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு

பார்படோஸ் தீவில் ரம் பஞ்ச் கலப்பதற்கு ஊரார் அனைவருக்கும் மனப்பாடமான ஒரு வாய்பாடு உண்டு. புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு பங்கு, வீரியம் மூன்று பங்கு, அதைத் தணிப்பது நான்கு பங்கு. புளிப்புக்கு எலுமிச்சைச் சாறு, இனிப்புக்குச் சர்க்கரைப்பாகு, வீரியத்துக்கு ரம், தணிப்பதற்குத் தண்ணீர் அல்லது பனிக்கட்டி. கடைசியில் அங்கஸ்டூரா பிட்டர்ஸ் என்னும் கசப்புத் திரவத்தைச் சில சொட்டு விட்டு, மேலே சாதிக்காயைத் துருவிவிடுகிறார்கள். சுற்றுலா விடுதிகளில் அந்த நான்காம் பங்கை அன்னாசிச் சாறும் ஆரஞ்சுச் சாறும் பிடித்துக்கொள்கின்றன; அப்போது மூன்றாம் பங்கு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது. இந்த வாய்பாட்டைக் கேட்ட பிறகு, கரீபியன் தீவுகளில் குடித்த எல்லாவற்றையும் நான் இரண்டே கேள்விகளால் எடைபோட்டேன்: தணிப்பதற்கு என்ன ஊற்றியிருக்கிறார்கள், ரம் நாக்கில் தெரிகிறதா?

மண்டபத்தில் பிறந்து, மீன்பிடித் துறையை ஒட்டியே தொழில் செய்து வரும் எனக்கு, ரம் என்றால் டாஸ்மாக் கடையில் கிடைக்கும் கறுப்பு ரம்தான். 42.8 சதவீத வீரியம், கருகிய சர்க்கரையின் நிறம், வெனிலா மணம், கூட ஊற்றிக்கொள்ள கோலா அல்லது ஒரு தண்ணீர் பாக்கெட். மழைக்காலத்தில் சளிக்கு மருந்து என்று சொல்லி மிளகுத்தூள் போட்டுக் குடிப்பவர்களும் எங்கள் பக்கம் உண்டு. அதைச் சுவைத்துப் பார்த்துக் குடிக்க வேண்டிய பொருளாக யாரும் கருதியதில்லை. என் அக்காள் மகன் பயணிகள் கப்பல் ஒன்றில் பொறியாளனாக இருக்கிறான். கரீபியன் கடலில் சுற்றும் அந்தக் கப்பலில் ஒப்பந்தம் முடிந்ததும், உடனே ஊர் திரும்பாமல் தன் தந்தையையும் என்னையும் பார்படோஸின் தலைநகரான பிரிட்ஜ்டவுனுக்கு வரவழைத்தான். அக்காள் வர மறுத்துவிட்டார். கோயில் இல்லாத ஊரில் தமக்கு என்ன வேலை என்று கேட்டார்.

பார்படோஸில் ரம் கடை என்பது பலசரக்குக் கடையும் ஊர்ச்சாவடியும் ஒன்றாகச் சேர்ந்த இடம். பலகைச் சுவர்களுக்கு ஏதாவது ஒரு மது நிறுவனத்தின் விளம்பர வண்ணம் பூசப்பட்டிருக்கும். உள்ளே ரொட்டி, தகர டப்பா மீன், சோப்பு, மெழுகுவத்தி எல்லாம் ஒரு பக்கம் அடுக்கப்பட்டிருக்க, மறுபக்கம் முதியவர்கள் டோமினோ கட்டைகளை மேசையில் ஓங்கி அறைந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். சிறு புட்டி ஒன்றை வாங்கினால், ஒரு கிண்ணம் பனிக்கட்டியும் ஆளுக்கொரு குவளையும் தருகிறார்கள். கலந்துகொள்வது நம் பொறுப்பு. நான் பழக்கதோஷத்தில் நின்றபடியே குவளையைக் கவிழ்க்கப் போனபோது, "மாமா, உட்காருங்கள், இங்கே யாரும் நம்மை விரட்டப் போவதில்லை" என்றான் மருமகன். மறைந்து நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும் எங்கள் ஊர்க் குடிமுறையில் எந்தக் கலவையும் எடுபடாது என்பது எனக்கு அந்தக் கடையில்தான் உறைத்தது. சுவை என்பது நேரம் கேட்கும் விஷயம்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது ரம் பஞ்ச்கூட அல்ல, 'கார்ன் அண்ட் ஆயில்' என்னும் கலவை. பெயரில் உள்ள சோளமும் எண்ணெயும் அதில் கிடையாது. எலுமிச்சைத் தோல், இஞ்சி, கிராம்பு, பாதாம் ஆகியவற்றின் மணமேற்றிய ஃபலர்னம் என்னும் உள்ளூர்ப் பாகைப் பனிக்கட்டியின் மீது ஊற்றி, அடர்நிற ரம்மைச் சேர்த்து, பிட்டர்ஸ் தெளித்துத் தருகிறார்கள். கிராம்பும் இஞ்சியும் முதலில் வந்து, அவை அடங்கிய பிறகு ரம் தனியாக எழுந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை இரவுகளில் ஓய்ஸ்டின்ஸ் மீன்பிடித் துறையில் கூடும் கூட்டத்தில், பொரித்த பறவைக்கோலாவோடு இதைக் குடிக்க வேண்டும். பறவைக்கோலா அந்த நாட்டின் தேசிய உணவில் இடம்பெற்ற மீன்; முள்ளைச் சுத்தமாக நீக்கி, மூலிகையும் மிளகாயும் அரைத்த விழுதைத் தடவிப் பொரிக்கிறார்கள். எங்கள் கரையில் அதைக் கருவாட்டுக்குத் தள்ளிவிடுபவர்கள் ஒருமுறை அதைச் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

விடுதிகளில் கிடைத்தவற்றைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. நீல நிறத்தில் ஒன்று, பச்சை நிறத்தில் ஒன்று, ஒவ்வொன்றிலும் ஒரு காகிதக் குடை. பீனா கொலாடா மட்டும் ஒரு வார்த்தைக்கு உரியது. புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் உள்ள கரீபே ஹில்டன் விடுதியில் 1954-இல் ரமோன் மரேரோ என்ற மது கலக்குநர் இதை உருவாக்கியதாக அந்த விடுதி சொல்லிக்கொள்கிறது. 1978-இல் அதைத் தங்கள் தேசிய பானமாகவே அந்தத் தீவினர் அறிவித்துவிட்டார்கள். அன்னாசிச் சாறு, ரம், சர்க்கரை சேர்த்துக் கெட்டியாக்கி டப்பாவில் அடைத்த தேங்காய்க் கூழ் ஆகிய மூன்றையும் பனிக்கட்டியோடு அரைப்பதுதான் செய்முறை. தேங்காய்ப்பாலைப் பற்றி இராமேசுவரம் தீவுக்கு எதிரே வாழ்கிறவனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. டப்பாவில் வந்த அந்தக் கூழுக்குத் தேங்காயின் மணமே இல்லை. ரம்மும் இருக்கும் இடம் தெரியவில்லை. தெருவோரத்தில் வெட்டுக்கத்தியால் இளநீரைச் சீவித் தருபவரிடம் வாங்கி, அதில் வெள்ளை ரம்மை ஊற்றிக் குடித்தது அதைவிடப் பல மடங்கு மேலாக இருந்தது. இளநீரின் மெல்லிய உப்பு ரம்மின் எரிச்சலைத் தணிக்கிறதே தவிர அதை மூடுவதில்லை.

பார்படோஸின் வடகோடியில் உள்ள மவுண்ட் கே வடிசாலைக்கு வயது முந்நூற்றுக்கும் மேல் என்கிறார்கள். 1703 பிப்ரவரி 20 தேதியிட்ட சொத்துப் பத்திரம் ஒன்றில் வடிகலங்களும் பட்டியலிடப்பட்டிருப்பதே அதற்குச் சான்று. கொலம்பஸ் 1493-இல் தம் இரண்டாம் பயணத்தில் கொண்டுவந்த கரும்பு அந்தத் தீவுகளை எல்லாம் மூடிய பிறகு, சர்க்கரை எடுத்தது போக மிஞ்சிய கழிவுப்பாகை என்ன செய்வதென்று தெரியாமல் புளிக்கவைத்து வடித்ததிலிருந்து பிறந்ததுதான் ரம். அந்த வயல்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் எப்படி உழைத்தார்கள் என்பதை வடிசாலைச் சுற்றுலாவில் ஓரிரு வாக்கியங்களில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது உறுத்தியது. ஆனால் அங்கே என்னைப் பொறாமைப்பட வைத்தது தண்ணீர். பார்படோஸ் பெரும்பாலும் பவளச் சுண்ணாம்புக்கல்லால் மூடப்பட்ட தீவு. பெய்கிற மழை அந்தக் கல்லின் வழியே ஊறி வடிகட்டப்பட்டு நல்ல நிலத்தடி நீராகிறது. அந்த நீரில்தான் ரம்மின் வீரியத்தை மட்டுப்படுத்துகிறார்கள். பவளப்பாறையும் சுண்ணாம்பும் எங்கள் கரையிலும் உண்டு. நாங்கள் பல காலம் அதை வெட்டியெடுத்து வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் செய்தோம், கிணற்றில் உவர்நீர்தான் கிடைத்தது.

பார்படோஸிலிருந்து சிறிய விமானத்தில் மார்த்தினிக் சென்று இறங்கியபோது மொழி பிரெஞ்சாக மாறியது. ரம்மும் வேறு பொருளாகிவிட்டது. அங்கே கழிவுப்பாகிலிருந்து வடிப்பதை இரண்டாம் தரமாகத்தான் பார்க்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பீட்கிழங்குச் சர்க்கரை பெருகி, கரும்புச் சர்க்கரையின் விலை சரிந்தபோது, சர்க்கரை காய்ச்சுவதையே விட்டுவிட்டுக் கரும்புச்சாற்றை அப்படியே புளிக்கவைத்து வடிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. 'ரும் அக்ரிகோல்' என்னும் அந்த வகைக்கு, பிரான்சில் திராட்சை மதுக்களுக்கு வழங்கும் பிறப்பிடச் சான்று 1996-இல் கிடைத்திருக்கிறது. வெள்ளை வகை பெரும்பாலும் 50 அல்லது 55 சதவீத வீரியத்தில் வருகிறது. மூடியைத் திறந்ததும் கரும்பு பிழியும் இடத்தில் எழும் பச்சை மணம் அப்படியே வருகிறது. அதன் பின்னால் சிறிது மிளகுக் காரமும் உண்டு.

இந்த ரம்மைக் கொண்டு செய்யும் 'டி பஞ்ச்' என்பதைக் கலவை என்று சொல்லவே தயக்கமாக இருக்கும், அவ்வளவு எளிமை. எலுமிச்சையின் பக்கவாட்டில், தோலோடு கொஞ்சம் சதையும் ஒட்டிவருமாறு ஒரு சிறு வில்லையைச் சீவிக் குவளைக்குள் பிழிந்து போடுகிறார்கள். ஒரு கரண்டி கரும்புப்பாகு, அதன் மேல் ரம், ஒரு கலக்கு. பனிக்கட்டி கிடையாது, தண்ணீர் கிடையாது. பார்படோஸ் வாய்பாட்டின் நான்காம் பங்கையே இவர்கள் அடித்துத் தள்ளிவிட்டார்கள். புட்டி, பாகு, எலுமிச்சை மூன்றையும் மேசையில் வைத்துவிட்டுப் பரிமாறுபவர் போய்விடுவார். அவரவர் சாவை அவரவரே தயாரித்துக்கொள்கிறார் என்று அங்கே கேலியாகச் சொல்வார்கள். அத்தான் ஒரு மிடறு விழுங்கிவிட்டு, "பட்டைச் சாராயத்துக்கும் இதற்கும் குணம் ஒன்றுதான், மணம்தான் வேறு" என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கோ அந்தத் தீவுகளில் குடித்த எல்லாவற்றிலும் இதுதான் தலை என்று தோன்றியது; இரண்டாவது மிடறுக்குப் பிறகு, அதாவது தொண்டை பழகிய பிறகு.

அந்தக் கரும்பை வெட்டியவர்களில் ஒரு பகுதியினர் நம் கடற்கரையிலிருந்து போனவர்கள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும், தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள்; 1853 மே மாதத்தில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியத் தொகுதியினரை மார்த்தினிக்கில் இறக்கியது. அதன் பின் முப்பது ஆண்டுகளுக்குள் புதுச்சேரி, காரைக்கால் வழியாகவும் பிற துறைகள் வழியாகவும் ஏறக்குறைய 25,000 பேர் அந்த ஒரு தீவுக்கு மட்டும் சென்றார்கள். அவர்களில் மிகப் பலர் தமிழர்கள். தீவின் வடக்கில், பெலே எரிமலையின் சரிவு கடலில் இறங்கும் பாஸ் புவாந்த் வட்டாரத்தில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். அங்கே மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் கோயில்கள் இருக்கின்றன. மதுரை வீரன் அவர்கள் வாயில் 'மால்தேவிதான்' என்று ஆகியிருக்கிறார். நாகூர் ஆண்டவருக்குக் கொடியேற்றும் வழக்கமும் அந்த வழிபாட்டிலேயே கலந்திருக்கிறது என்று அறிந்தபோது, ஏர்வாடிக் கொடியேற்றத்துக்கு மதம் பாராமல் போய்வரும் எங்கள் கூட்டத்தில் யாரோ ஒருவர் அந்தக் கப்பலில் ஏறியிருக்கக் கூடும் என்று நினைத்துக்கொண்டேன். கோயில் இல்லாத ஊர் என்று அக்காள் கருதியது தப்புக்கணக்கு என்பதை அத்தான் அன்றிரவே தொலைபேசியில் தெரிவித்துவிட்டார்.

நாங்கள் சென்ற சமயத்தில் பூசை எதுவும் நடக்கவில்லை. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் முதியவருக்குத் தமிழில் சில சாமி பெயர்களைத் தவிர ஒன்றும் தெரியாது. கிரியோல் மொழியில் அவர் சொன்னதை மருமகன் தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சை வைத்து எங்களுக்கு விளக்கினான். விழா நாளில் ஆடு வெட்டுவதும், பூசாரி அருள் வந்து கத்தியின் விளிம்பில் ஏறி நிற்பதும், மதுரை வீரனுக்கு ரம் படைப்பதும் உண்டு என்றார் அவர். எங்கள் பக்கத்தில் கருப்பருக்கும் முனியய்யாவுக்கும் சுருட்டும் சாராயமும் வைத்த தலைமுறை மறைந்து, டாஸ்மாக் கால்புட்டி அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. அங்கே சாமிக்குக் கிடைப்பது புத்தம்புது கரும்புச்சாற்றில் வடித்த ரம். இந்த ஒரு விஷயத்தில் கடல் கடந்து போன சாமி நம் சாமியைவிடக் கொடுத்துவைத்தவர் என்றே சொல்ல வேண்டும்.

டிரினிடாட் தீவில் நான் பார்க்க விரும்பியது பிட்டர்ஸின் அந்தச் சிறு புட்டி பிறக்கும் இடத்தை. அங்கஸ்டூரா பிட்டர்ஸை உருவாக்கியவர் யோகான் சீகர்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர். சைமன் பொலிவாரின் படையில் பணியாற்றிய அவர், வெனிசுவேலாவின் அங்கஸ்டூரா நகரில் வீரர்களின் வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாக 1824-இல் இதைத் தயாரித்தார். அவருடைய பிள்ளைகள் 1870-களில் தொழிலை டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு மாற்றினார்கள். புட்டியைவிடப் பெரிய சீட்டை ஒட்டியிருப்பார்கள். உள்ளே இருப்பது 44.7 சதவீத வீரியமுள்ள, கசப்பும் மசாலா மணமும் கொண்ட செந்நிறத் திரவம். இதைச் சொட்டுக் கணக்கில் விட்டால்தான் சர்க்கரையின் திகட்டல் அடங்குகிறது. எங்கள் ஊரில் கலக்கப்படும் ரம்மில் புளிப்பும் கசப்பும் இரண்டுமே இல்லை. இருப்பதெல்லாம் இனிப்பின் மேல் இனிப்பு.

போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒருகாலத்தில் இருந்த குவீன்ஸ் பார்க் விடுதியின் பெயரால் வழங்கும் 'குவீன்ஸ் பார்க் சுவிசில்' ஒரு நல்ல கலவை. புதினா இலை, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப்பாகு, கயானாவின் டெமராரா ரம் ஆகியவற்றை உயரமான குவளையில் ஊற்றி, பொடித்த பனிக்கட்டியால் நிரப்பி, ஒரு குச்சியை உள்ளே விட்டுக் கடைகிறார்கள். அந்தக் குச்சி ஒரு காட்டுமரத்தின் கிளை. நுனியில் ஐந்தாறு சிறு கவடுகள் சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அதைச் சுழற்றும்போது மோர் கடையும் மத்துதான் நினைவுக்கு வந்தது. குவளையின் வெளிப்புறம் வெண்பனி பூத்ததும் நிறுத்திவிட்டு, மேலே பிட்டர்ஸை ஊற்றுகிறார்கள். அடியில் பச்சை, நடுவில் வெண்மை, மேலே சிவப்பு என்று மூன்று அடுக்காக நிற்கிறது. அழகுக்காகக் கலந்து வைத்தவற்றை எல்லாம் விடுதியிலேயே ஒதுக்கிவிட்ட நான், இந்த ஓர் அழகை மட்டும் ஒப்புக்கொண்டேன். அதன் சுவையும் அந்தத் தோற்றத்துக்குக் குறைவில்லை. கியூபாவின் டாய்கிரியையும் அங்கேதான் குடித்தோம். அதுவும் ரம், எலுமிச்சை, சர்க்கரை மூன்று மட்டுமே. பிரிட்டிஷ் கடற்படையில் அட்மிரல் வெர்னன் 1740-இல் மாலுமிகளின் ரம்மில் தண்ணீர் கலக்கச் சொன்னார். எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துக்கொள்ளவும் இடமளித்தார். எந்தத் தீவில் எந்தப் பெயரில் கேட்டாலும் அடிப்படை இந்த மூன்றுதான். அளவும், குளிர்ச்சியும், ரம்மின் பிறப்பும்தான் மாறுகின்றன.

ஊர் திரும்பும்போது ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம் என்பதால், மார்த்தினிக்கின் வெள்ளை ரம்மும் பிட்டர்ஸும் மண்டபம் வந்து சேர்ந்தன. எலுமிச்சைக்குக் கவலை இல்லை. மெல்லிய தோலுள்ள நம் நாட்டு எலுமிச்சையும் மேற்கிந்தியத் தீவுகளில் காய்க்கும் பழைய எலுமிச்சையும் ஒரே இனம். பனிக்கட்டிதான் சிக்கல். மீன்பிடித் துறையில் ஐஸ் பாரும் அதைப் பொடிக்கும் இயந்திரமும் வேண்டிய மட்டும் உண்டு. ஆனால் மீனுக்காகச் செய்யும் அந்த ஐஸைக் குவளையில் போட எந்த மீனவரும் சம்மதிக்க மாட்டார். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் நல்ல தண்ணீரை உறையவைத்துத் துணியில் கட்டி அம்மிக்குழவியால் அடித்துக்கொண்டோம்.

பதநீரில் எலுமிச்சையும் ரம்மும் சேர்த்தால் என்ன என்பது அத்தானின் யோசனை. சாயல்குடிப் பக்கத்திலிருந்து பங்குனியில் வந்த பதநீரில் செய்து பார்த்தோம். கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பு பதநீரில் கரைந்திருப்பதால், எலுமிச்சையின் புளிப்பு அதோடு சண்டையிட்டு மடிந்துவிடுகிறது. மேலும் மேலும் பிழிந்தாலும் மந்தமான ஒரு சுவையே மிஞ்சியது. பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைப் போட்டு, எதுவும் கலக்காமல் குடிப்பதே அதற்கு மரியாதை.

கருப்பட்டி வேறு கதை. வெள்ளை ரம்மோடு அது சேரவில்லை. பனையின் புகைமணம் கரும்பின் பச்சை மணத்தை அமுக்கிவிட்டது. ஆனால் நம் கறுப்பு ரம்மில் கருப்பட்டிப்பாகை ஒரு கரண்டி ஊற்றி, அரை எலுமிச்சையைப் பிழிந்து, பிட்டர்ஸ் இரண்டு சொட்டு விட்டு, பொடித்த ஐஸைப் போட்டு, சாதிக்காயைத் துருவினால், கோலா ஊற்றிக் குடித்த அதே ரம்தானா இது என்று கேட்கத் தோன்றும். வெனிலா மணம் பின்னால் போய், கருப்பட்டியின் மெல்லிய உப்பும் புகையும் முன்னால் வருகின்றன. சாதிக்காயைத் தூளாக வாங்கக் கூடாது. முழுக்காயாக வாங்கி அவ்வப்போது துருவ வேண்டும். பாகைக் காய்ச்சியதும் மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும், இல்லாவிட்டால் பனந்தும்பும் மண்ணும் குவளையின் அடியில் நிற்கும். கருப்பட்டியும் பனைக்காரர்களிடம் நேரடியாக வாங்கியதாக இருக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலும் சீனி கலந்திருக்கிறது. அதற்குப் பணம் கொடுப்பதைவிட வெறும் சீனிப்பாகையே ஊற்றிக்கொள்ளலாம்.